என் காலைக் காட்டி ஒரு வாதம்

பதின்மூன்று வருஷமாகச் சித்தூரில் வக்கீலாக இருக்கிறேன். அதில் முதல் பன்னிரண்டு வருஷம் ஒரு நாள்கூட நான் உட்கார்ந்து வாதாடியதில்லை. இதைப் பெரிய பவிசாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், போன வருஷம் அந்த வழக்கு வரும்வரைக்கும்.

முதலில் என் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கு அதே யோசனையாக இருக்கும். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம். இடது கால் தொடையிலிருந்து பாதம் வரைக்கும் சூம்பிப் போய்விட்டது. இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் வைத்துச் செய்த காலிப்பரை மாட்டிக்கொண்டுதான் நடப்பேன். முழங்கால் இடத்தில் அதற்கு ஒரு பூட்டு உண்டு. உட்காரும்போது அதைத் தளர்த்த வேண்டும், எழுந்திருக்கும்போது டக்கென்று மாட்ட வேண்டும். ஜட்ஜ் உள்ளே வந்தால் கோர்ட்டில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள் இல்லையா? நான் குனிந்து பூட்டை மாட்டி, மேசையைப் பிடித்து எழுந்து நிமிர்வதற்குள் ஊரே உட்கார்ந்திருக்கும். அப்புறம் நான் மட்டும் தனியாக ஒரு கும்பிடு போடுவேன். சில ஜட்ஜுகள் அதை விசேஷ மரியாதை என்று எடுத்துக்கொண்டு தலையசைப்பார்கள். எடுத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன போயிற்று.

நின்றே தீர்வது என்கிற இந்த வீம்பு திருப்பதியில் பிடித்தது. சட்டம் படிக்க இடம் கேட்டுப் போனபோது நைனாதான் கூட வந்தார், அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர். மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற மனுஷன். அன்றைக்கு உட்கார்ந்திருந்த பேராசிரியர் என் மார்க்கைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "லா எதுக்குங்க இந்தப் பொண்ணுக்கு? கோர்ட்ல நிக்கணும். நின்னாத்தான் வக்கீல். டீச்சர் ட்ரெய்னிங் சேத்து விடுங்க, உக்காந்துக்கினே பாடம் சொல்லலாம்" என்றார். நைனா தலையாட்டினார். நான் குறுக்கே புகுந்து, "நிப்பேன் சார்" என்றேன். "எவ்ளோ நேரம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் உட்கார்ந்துகொண்டே பாடம் நடத்துகிறார் என்று கேட்டிருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றியது பஸ்ஸில் திரும்பி வரும்போது, புத்தூர் தாண்டிய பிறகு.

இடம் கொடுத்தார்கள். வகுப்பு இரண்டாவது மாடியில். கீழே ஓர் அறை ஒதுக்கச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தேன். "ஒருத்திக்காக அறுபது பேரைக் கீழே இறக்கச் சொல்றியாம்மா?" என்று ஆபீஸில் கேட்டார்கள். கேட்ட விதத்தில் எனக்கே நான் ஏதோ அக்கிரமம் செய்ய வந்தவள் போல இருந்தது. "பர்வாலேது சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பரவாயில்லை என்பதற்குத் தெலுங்கு. திருப்பதியில் நான் கற்றுக்கொண்டதில் சட்டத்தைவிட அதிகம் உதவிய சொல் அதுதான். இரண்டாம் வருஷம் கல்லூரிக்குத் தரச் சான்று கொடுக்க ஒரு குழு வரப்போகிறது என்று அவசர அவசரமாக ஒரு சாய்தளம் கட்டினார்கள். வாசலிலிருந்து பிரின்ஸிபால் அறை வரைக்கும். நான் அதன்மேல் நடந்து வருவதாக ஒரு போட்டோ எடுத்தார்கள். குழு போன மறுநாள் அதன்மேல் வரிசையாகப் பூந்தொட்டி வைத்துவிட்டார்கள். என் வகுப்போ அதே இரண்டாவது மாடியில்தான் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அத்தனை தொட்டியையும் உருட்டி விட்டிருக்கலாம். உருட்டவில்லை. ஆண்டு விழாவில் தன்னம்பிக்கைக்காக எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள், அதையும் வாங்கிக்கொண்டேன்.

அந்த மாடிப்படியில் மூன்று வருஷமும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் கூடப் படித்த ஒரு தம்பி. காலுக்கு ஆபரேஷன், கட்டு என்று நான் படிப்பில் பின்தங்கியதால் வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவள் நான். அவன் என்னை அக்கா என்பான். திருப்பதிக்காரன், தெலுங்கு வீட்டுப் பிள்ளை, தமிழும் நன்றாகப் பேசுவான். மழை நாளில் படி வழுக்கினால் ஒரு படி கீழே நின்றுகொண்டு, "நா இருக்கேன், ஏறு அக்கா" என்பான். கையைப் பிடிக்க மாட்டான், விழுந்தால் தாங்குகிற தூரத்தில் நிற்பான். அந்த நாகரிகம் எனக்கு அவனிடம் ரொம்பப் பிடிக்கும்.

படிப்பு முடிந்து இரண்டு பேரும் சித்தூரில் தொழில் ஆரம்பித்தோம். நான் விபத்து வழக்குப் பக்கம் போனேன். அவன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஆஜராகிறவன் ஆனான். ஆகவே எதிரும் புதிருமாகத்தான் நிற்போம். உள்ளே அடித்துக்கொள்வோம், வெளியே வந்து டீ குடிப்போம். வக்கீல்களின் பிழைப்பு அப்படித்தான், யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

இனி அந்த வழக்குக்கு வருகிறேன்.

வந்தவர் நைனாவோடு ஒரே கொட்டகையில் தறி ஓட்டியவர். சின்ன வயதிலிருந்து எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் பாப்பா. ஐம்பது வயது இருக்கும். காணிப்பாக்கம் போய்ப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, திருப்பதியில் கட்டிக் கொடுத்த மகளைப் பார்க்கப் பாகாலா வழியாக மொபெட்டில் போயிருக்கிறார். பாகாலாவுக்கு முன்னால் ஒரு லாரி இடித்துவிட்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லாரிக்காரன் மேல்தான் தப்பு என்பதில் தகராறே இல்லை, எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டுவிட்டது. தகராறெல்லாம் ஒரே விஷயத்தில்தான். அவர் பிழைப்பு எவ்வளவு போயிற்று?

மெடிக்கல் போர்டு ஐம்பது சதவீதம் ஊனம் என்று சர்ட்டிஃபிகேட் கொடுத்திருந்தது. அது காலுக்குப் போட்ட கணக்கு. ஆனால் விசைத்தறி ஓட்டுகிறவன் நான்கு தறிக்கு நடுவே ஒரு ஷிஃப்ட் முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும். இழை அறுந்தால் ஓடிப் போய் முடிச்சுப் போட வேண்டும், ஊடை நூல் தீர்ந்தால் நாடாவை மாற்ற வேண்டும். உட்கார அங்கே ஸ்டூல்கூடக் கிடையாது. அந்த மனுஷருக்குக் கால் பாதி போனால் பிழைப்பு முழுக்கப் போயிற்று என்பதுதான் என் வழக்கு. நூற்றுக்கு நூறு என்று கேட்டிருந்தேன். அது கிடைத்தால் மாமாவும் அத்தையும் யார் கையையும் எதிர்பார்க்காமல் சாப்பிடுவார்கள். ஐம்பது என்று தீர்த்துவிட்டால், மகன் வீட்டில் அவர் எந்த மூலையில் படுப்பது என்று மருமகள் முடிவு செய்வாள். இதை மாமாவே ஒரு நாள் சொன்னார், அவர் சொன்ன வார்த்தை இதைவிடக் கொச்சையாக இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். கால் போன கட்சிக்காரனைக் கோர்ட்டுக்கு வரச் சொல்லும்போது, செயற்கைக் காலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வா என்போம். கட்டைக் கம்பை ஊன்றிக்கொண்டு, பேண்ட்டை மடித்து ஊக்குப் போட்டுக்கொண்டு வந்து நிற்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் பகீர் என்று இருக்க வேண்டும். ரப்பர் காலும் ஷூவும் போட்டுக்கொண்டு ஜம்மென்று நடந்து வந்தால் வழக்கு போச்சு. மாமாவுக்கு ஒரு செயற்கைக் கால் கிடைத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு தெரு முனை வரை நடந்து பழகியிருந்தார், அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "கோர்ட்டுக்கு அது வேணாம் மாமா" என்று என் வாயால் சொன்னேன். நான் எப்படிப் போவேன் தெரியுமா? கஞ்சி போட்ட சேலையைக் காலிப்பர் துளிகூடத் தெரியாதபடி தரை தொடக் கட்டிக்கொண்டு போவேன். அவர் ஊனத்தைக் காட்டிக்கொண்டு வர வேண்டும், நான் மறைத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டுமே கோர்ட்டுக்காகத்தான்.

அந்தக் கோர்ட்டும் இரண்டாவது மாடியில். என் தலையெழுத்து எந்த ஊரிலும் கீழ்த்தளத்தில் இல்லை. லிஃப்டுக்கென்று கட்டிய கூண்டில் கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். வாதம் இருக்கும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவேன். வலது கையால் கைப்பிடிக் கம்பி, இடது கையால் என் தொடையைத் தூக்கி அடுத்த படியில் வைப்பது, இப்படியே நாற்பத்து நான்கு படி. வியர்வை அடங்கிய பிறகுதான் கோட்டும் கவுனும் மாட்டுவேன். யார் கண்ணிலும் படாமல் இதையெல்லாம் முடித்துவிட்டு, மற்றவர்கள் வரும்போது பேப்பரைப் புரட்டிக்கொண்டு இருப்பேன்.

இறுதி வாதத்தன்று மாமாவும் நானும் சேர்ந்து ஏறினோம். கம்புகளோடு அவர், கம்பியைப் பிடித்தபடி நான், பின்னால் என் வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு அத்தை. முதல் மாடி தாண்டிப் படி திரும்புகிற இடத்தில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டோம். மேலே போன ஒரு புதுப் போலீஸ்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஆக்சிடென்ட் கேஸா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் பல்லைக் கடித்தேன். மாமாவுக்கோ சிரிப்பு.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத பாப்பா. ஊர்ல எல்லாரும் பெரிய வக்கீலா வெச்சிக்கன்னாங்க. நா கேக்கல."

"ஏன் மாமா?"

"உன் காலப் பாத்தா ஜட்ஜய்யாவுக்கு மனசு எறங்கிடும். கால் இல்லாதவன் கஷ்டத்த உன்ன மாதிரி வேற எவன் சொல்லுவான்? அதான் நேரா உன்கிட்ட வந்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷமாக மறைத்து மறைத்து வைத்த காலை நம்பியா என்னிடம் வந்தார்? என் வாதத்தைக் கேட்டுவிட்டு வந்தார், என் பேரைக் கேட்டுவிட்டு வந்தார் என்றல்லவா மடத்தனமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது. ஆனால் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற மனுஷனிடம் என்ன கோபப்படுவது? "வாங்க மாமா, நேரமாச்சு" என்று பூட்டை மாட்டி எழுந்தேன்.

அந்த ஜட்ஜ் நல்லவர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. யாரிடமும் எரிந்து விழ மாட்டார். நான் எப்போது எழுந்தாலும், "கூச்சோனி செப்பண்டம்மா" என்பார். உட்கார்ந்து சொல்லுங்கம்மா என்று அர்த்தம். நான் எப்போதும், "பர்வாலேது சார்" என்பேன். நின்றுகொண்டே வாதாடுவேன். அன்றைக்கும் அப்படித்தான். அரை மணி நேரம் விசைத்தறியை அந்த அறைக்குள் ஓட்டிக் காட்டினேன். எத்தனை தறி, எத்தனை நடை, முடிச்சுப் போட எத்தனை முறை ஓட்டம், எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு காலில் என் பாரம் முழுவதும் இருந்தது. இடுப்பு விண்விண் என்று தெறித்தது. முகத்தில் காட்டவில்லை, எனக்குத்தான் அது கைவந்த கலை ஆயிற்றே.

பிறகு தம்பி எழுந்தான். அவன் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"மனுதாரருக்கு ஒரு கால் போயிருக்கிறது. வருத்தமான விஷயம்தான். ஆனால் கால் போனால் பிழைப்பே போய்விடும் என்கிறார்கள். அதற்குப் பதிலாக நான் எந்தப் புத்தகத்தையும் காட்டப் போவதில்லை. அவருடைய வக்கீலையே காட்டுகிறேன்."

கையை என் பக்கம் நீட்டினான். மரியாதையாகத்தான் நீட்டினான்.

"இவரோடு நான் திருப்பதியில் மூன்று வருஷம் படித்தேன். வகுப்பு இரண்டாவது மாடியில். ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. ஒரு சலுகையும் கேட்டதில்லை. இவர் பையை நானே தூக்கியிருக்கிறேன், கண்ணால் கண்ட சாட்சி நான். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கோர்ட்டில் நின்றுகொண்டே வாதாடுகிறார். நீதிபதி அவர்களே உட்காரச் சொல்லியும் உட்கார மறுக்கிறார். இப்போதுகூட அரை மணி நேரம் நின்றதை எல்லோரும் பார்த்தோம். இவரால் முடிவது மனுதாரரால் ஏன் முடியாது? தறி இல்லாவிட்டால் உட்கார்ந்து செய்கிற வேலை எவ்வளவோ இருக்கிறது. வேண்டியது மன உறுதி."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் முகத்திலும் பிரியம். பின் பெஞ்சில் ஒரு பெரிய வக்கீல், "வாஸ்தவம், வாஸ்தவம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திட்டினால் ஆட்சேபணை சொல்லலாம். பொய் சொன்னால் மறுக்கலாம். புகழ்ந்துகொண்டே என் கட்சிக்காரன் கழுத்தில் கத்தி வைக்கிறானே, இதற்கு என்ன சொல்லி எழுவது? சலுகை கேட்கவில்லையாம். கேட்டேனடா பாவி, ஒரு முறை கேட்டேன். அறுபது பேரைக் கீழே இறக்கச் சொல்கிறாயா என்றார்கள். அந்த மனுவை எழுத உன்னிடம்தான் பேனா வாங்கினேன்.

பதில் சொல்ல எழுந்தேன். எழுந்து நிமிர்வதற்குள், "கூச்சோனி செப்பண்டம்மா" என்றார் ஜட்ஜ். பர்வாலேது என்பது பல் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நீட்டிய கையைப் பார்த்திருந்தார், ஏதோ விபரீதம் என்று புரிந்திருந்தது. உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டி, மெதுவாக இரண்டு தரம் அமுக்கினார். உட்காரு பாப்பா, உட்காரு.

பூட்டைத் தளர்த்தினேன். டக். நிசப்தமான அந்த அறையில் அந்தச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. உட்கார்ந்தேன்.

உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். படி ஏற முக்கால் மணி நேரம் ஆகிறது, யாரும் பார்க்காமல் இருக்கத்தான் முதலில் வருகிறேன் என்றேன். பெண்கள் கழிப்பறை முற்றத்துக்கு அந்தப் பக்கம் நாலு படி கீழே இருக்கிறது, என்னால் குந்தி உட்கார முடியாது, அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை என்றேன். போன வருஷம் சிறுநீரில் ரத்தம் வந்தது என்றேன். வேறு மாடிக்கு மாற்றிய இரண்டு வழக்குகளில், நான் ஏறிப் போவதற்குள் கூப்பிட்டு முடித்துத் தள்ளுபடி ஆகி, மறுபடி மனுப் போட்டு எடுத்தேன் என்றேன். நான் நிற்பது உறுதியால் இல்லை, உட்கார்ந்தால் இவள் வக்கீலே இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்கிற பயத்தால் என்றேன். "நான் எழுத்து வேலை செய்கிறவள். மூளையையும் வாயையும் வைத்துப் பிழைக்கிறேன், அப்படி இருந்தும் எனக்கு இந்தக் கதி. காலை வைத்துப் பிழைத்தவரை என்னோடு சேர்த்து நிறுக்காதீர்கள்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததை ஒரு கூட்டத்துக்கு நடுவே சொல்லியாயிற்று.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பி தலை குனிந்து வழக்குக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். மானம் போனாலும் போகட்டும், மாமா பிழைத்தார் என்று நினைத்தேன். கீழே இறங்கி வந்ததும் வருவது வரட்டும் என்று ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தேன்.

தம்பி டீக்கடைக்கு வந்தான். "தப்பா நெனச்சிக்காதே அக்கா. கேஸுன்னா கேஸுதானே. நா பொய் ஒண்ணும் சொல்லல. காணிப்பாக்கத்துல கோயில் முன்னாடி நிறுத்தி சத்தியம் பண்ணுன்னாலும் பண்ணுவேன்."

அந்தக் கோயிலில் பொய்ச் சத்தியம் செய்தால் விளங்காமல் போவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவன் தாராளமாகச் செய்யலாம். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"நீ தண்ணி குடிக்காம இருந்தது எனக்குத் தெரியாதுக்கா" என்றான் பிறகு.

"பையத் தூக்கின உனக்கே தெரியலன்னா நா நல்லாத்தான் நடிச்சிருக்கேன்" என்றேன். டீக்கு அவன்தான் கொடுத்தான்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கோர்ட்டில் முடிவை மட்டும் இரண்டு வரியில் படித்தார்கள். ஐம்பது சதவீதம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நகல் கிடைத்ததும் நகரிக்குப் பஸ் ஏறி மாமா வீட்டுக்குப் போனேன். போகிற வழியிலேயே போன் கூவிக்கொண்டிருந்தது. வக்கீல்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். வாழ்த்து, கைகூப்பு, பூங்கொத்து. "தீர்ப்பில் உங்கள் புகழ்! நமக்கெல்லாம் பெருமை!" எதற்கு வாழ்த்து என்றே முதலில் விளங்கவில்லை.

மாமா செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வழக்குத்தான் முடிந்துவிட்டதே, இனிமேல் என்ன தடை. அத்தை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இங்கிலீஸ்ல இன்னா எழுதிக்கீறாரு, படிச்சி சொல்லு பாப்பா" என்றார்.

படித்தேன். தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். விபத்து, லாரி, சர்ட்டிஃபிகேட், எல்லாம் தாண்டி அந்தப் பக்கம் வந்தது. வாயை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். மாமா விடவில்லை.

"'மனுதாரரின் வக்கீல் தன் கஷ்டங்களை இந்த நீதிமன்றத்தின் முன் மனம் திறந்து சொன்னார். கேட்ட எவரும் நெகிழாமல் இருக்க முடியாது. இவ்வளவு தடைகளுக்கு நடுவிலும் அவர் ஒரு நாளும் தளராமல் தன் தொழிலைத் திறம்படச் செய்து வருகிறார். மனித உறுதிக்கு ஊனம் ஒரு தடையல்ல என்பதற்கு இதைவிட உயிருள்ள சாட்சி தேவையில்லை. மனுதாரர் தன் வக்கீலைப் பார்த்தாவது நம்பிக்கை கொள்ள வேண்டும். ஆகையால், பிழைப்பு முழுவதும் போய்விட்டது என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை.'"

நின்றபோது நின்றதைக் காட்டினார்கள். உட்கார்ந்து அழுதபோது அழுததையும் எடுத்துக்கொண்டார்கள். நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? படுத்துப் புரண்டிருக்க வேண்டுமா? தாளைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. கோர்ட் முத்திரை போட்ட நகல், அப்பீலுக்கு வேண்டும். மடித்து வைத்தேன்.

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"நீ அன்னிக்கு ரொம்ப நல்லா பேசின பாப்பா" என்றார் மாமா. "எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா நீ பேசினத பாத்து எனக்கே அழுவ வந்துச்சி. ரொம்ப நல்லா பேசிட்ட. அதான் கெட்டுச்சி."

"ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போலாம் மாமா. வக்கீலோட ஒப்பிட்டதே தப்பு, அது ஒண்ணு போதும். நானே எழுதறேன்."

"எழுது. நீயே எழுது. உன்ன மாதிரி எவனுக்கும் எழுத வராது." சொல்லிவிட்டுச் செயற்கைக் காலின் பட்டையை நெருடிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் ஏதோ சொல்ல இருந்தது.

"சொல்லுங்க மாமா."

"அங்க நீ போகாத பாப்பா. எழுதிக் குடுத்துடு. வேற யாரானா நிக்கட்டும். உன்ன அவங்க பாக்கவே வேணாம்."

அத்தை, "ஏன்யா, கொயந்த மனசு நோவாது?" என்று அதட்டினாள். மாமா என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு நொந்தது. நொந்ததில் பாதி எதற்கென்றால், அவர் சொன்னது சரி. என்னிடம் வேறு எந்தக் கட்சிக்காரனாவது இதே தீர்ப்பைக் கொண்டுவந்து, அப்பீலுக்கும் இதே வக்கீலை வைக்கலாமா என்று கேட்டிருந்தால், வேண்டாம், மாற்றிவிடு என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். ஹைகோர்ட்டில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார், வாட்டசாட்டமான ஆள், குரலும் கம்பீரம். அங்கேயே போன் போட்டுப் பேசினேன். அப்பீல் மனுவை நான் எழுதி அனுப்புகிறேன், கையெழுத்தும் வாதமும் நீங்கள் என்றேன். அவர் ஒப்புக்கொண்டார்.

போனை வைத்ததும் மாமா கேட்டார்.

"அவருக்கு ரெண்டு காலும் நல்லா கீதா பாப்பா?"

"கீது மாமா. ரெண்டும் நல்லா கீது."

"அப்போ சரி" என்றார்.